தொந்தரவில்லாத பிள்ளை

சாயங்காலச் சங்கு ஊதினால் அந்த ஷூ கம்பெனியின் ஒரே கேட் வழியாக அறுநூறு பெண்கள் வெளியே வருவார்கள். பெங்களூர் ரோட்டோரம் கம்பெனி பஸ்கள் இன்ஜினை அணைக்காமல் நிற்கும். பேரணாம்பட்டுக்கு ஒன்று, ஒடுகத்தூருக்கு ஒன்று, மாதனூர்ப் பக்கம் ஒன்று. டிரைவர்கள் யாருக்காகவும் காத்திருக்கிறவர்கள் இல்லை. பஸ்ஸை விட்டவள் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து, கூட்டத்தில் நசுங்கி, இருட்டின பிறகுதான் வீடு போய்ச் சேர முடியும்.

அந்த ஓட்டத்தின் நடுவில் முப்பது பேருக்கு மட்டும் இன்னொரு வேலை இருந்தது. கேன்டீனை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட நீளமான கொட்டகையில் அவர்கள் காலையில் விட்டுப்போன பிள்ளைகள் இருந்தார்கள். கம்பெனிக் காகிதத்தில் அதற்கு கிரெஷ் என்று பெயர். பெண்கள் பால்வாடி என்றார்கள். அதன் கதவு இரண்டு துண்டாகச் செய்தது. கீழ்ப்பாதி தாழிட்டிருக்கும், மேல்பாதி திறந்திருக்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பெர்சிஸ் உள்ளேயிருந்து பிள்ளையைத் தூக்கி அந்தப் பாதிக் கதவுக்கு மேலாகத் தாயின் கையில் கொடுப்பாள். வாங்கும்போது தாய் கேட்பாள்: "இன்னிக்கு இன்னா பண்ணுச்சு டீச்சர்?"

அதற்கு ஒரே ஒரு பதில்தான் சொல்ல முடியும். பின்னால் இருபது பேர் நிற்பார்கள், வெளியே ஹாரன் அடிக்கும். ரெண்டு தரம் வெளிக்குப் போச்சு. மத்தியானம் சோறு வேணாம்னுட்டான். பக்கத்துப் புள்ளையைக் கிள்ளிட்டான், நகம் வெட்டி அனுப்பு. இப்படி ஒவ்வொன்று. ஆனால் எல்லாத் தாய்மாரும் கேட்க ஆசைப்பட்ட பதில் வேறு. "தொந்தரவே இல்ல." அதைக் காதில் வாங்கினவள் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடுவாள். நாளெல்லாம் லைனில் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினவளுக்கு, அன்றைக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

ஜாஸ்மினுக்கு அந்த வார்த்தை அநேகமாக எல்லா நாளும் கிடைத்தது.

ஜாஸ்மின் பேரணாம்பட்டிலிருந்து வருகிறவள். ஸ்டிச்சிங் லைனில் லைனிங் தைப்பவள். புருஷன் அன்பரசன் ஊரிலேயே தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. வருஷத்தில் பாதி நாள் விரல் வெடித்து, கையில் துணி சுற்றிக்கொண்டிருப்பான். அவர்களுடைய மகள் பிரின்சி பத்து மாதத்தில் பால்வாடிக்கு வந்தாள். வந்த முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளும் அழும். அவள் அழவில்லை. அம்மா கையிலிருந்து வாங்கிக் கீழே விட்டால், திரும்பிப் பார்க்காமல் ஃபேனுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வாள். பிள்ளைகள் விளையாட கட்டிங் பிரிவிலிருந்து கழிவுத் துண்டுகள் ஒரு கூடையில் வரும். அதில் மெல்லிய ஃபோம் துண்டாகப் பார்த்து ஒன்றை எடுத்து, மேலுதட்டில் தேய்த்துக்கொண்டு ஃபேனையே பார்த்திருப்பாள். மற்றதுகள் அடித்துக்கொண்டு புரளும்போது இவள் இருக்கிற இடம் தெரியாது.

பெர்சிஸுக்குத் துணையாக இருந்தவள் கோவிந்தம்மாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். கை பெரிசு, வாய் அதைவிடப் பெரிசு. அழுகிற பிள்ளைகளை, "வாடா என் கடன்காரா" என்று இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே முப்பது பேருக்குச் சோறு பிசைவாள். அவளுக்குப் பிரின்சி மேல் தனிப் பிரியம். அதற்குக் காரணமும் இருந்தது. பிரின்சிக்குத் தண்ணீர் வேண்டுமானால் கேட்கமாட்டாள், அழமாட்டாள். நேரே வந்து கோவிந்தம்மாளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய், அந்தக் கையைப் பானை மூடியின் மேல் வைப்பாள். முகத்தைப் பார்க்கமாட்டாள். கையைத்தான் பார்ப்பாள்.

"எவ்ளோ புத்தி பாரு இதுக்கு. வாயத் தொறந்து கேக்கறதுங்கள்லாம் கத்திக் கத்தி உயிர எடுக்குதுங்க. இது வேலைக்காரிய கூட்டிக்கினு போற மாதிரி கூட்டிக்கினு போவுது," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். பிள்ளையை அவர்கள் எதிரில் பானைப் பக்கம் நகர்த்தி விட்டு வேடிக்கையும் காட்டுவாள்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், கத்திரி வெயில் முடிந்தும் சூடு இறங்காத ஜூன் மாதத்தில், வேலூரிலிருந்து ஃபீபி என்ற பெண் வந்தாள். வளர்ச்சி பிந்திய குழந்தைகளுக்காக அங்கே நடந்த ஒரு சிறிய மையத்தில் வேலை பார்க்கிறவள். பால்வாடிகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பெண்களுக்கென்று ஆட்டிசத்தைப் பற்றி ஒரு பாடம் கம்ப்யூட்டர் சிடியில் வந்திருக்கிறது, வகுப்பெடுக்க ஆள் வேண்டாம், அவரவர் நேரத்தில் உட்கார்ந்து பார்த்துப் பரீட்சையும் எழுதிவிடலாம் என்றாள். பர்சனல் ஆபீசர் ஜெயகரனுக்கு அது பிடித்துப்போனது. வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டர் கொடுக்குமுன் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வருவார்கள். கிரெஷ் சுவரில் ஒரு சர்டிபிகேட் தொங்கினால் நல்லது. தன் அறையில் இருந்த கம்ப்யூட்டரையே ஒதுக்கிக் கொடுத்தார்.

பிள்ளைகள் தூங்குகிற மத்தியான நேரத்தில் ஒருத்தி பால்வாடியில் இருக்க, ஒருத்தி போய்ப் பாடம் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. கோவிந்தம்மாள் ஏசி அறைக்குள் முந்தானையால் காதைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு எழுத்து வராது. ஆனால் பாடத்தைப் பேசியது ஒரு பெண் குரல், ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி. "இக்குழந்தையைக் கூர்ந்து கவனியுங்கள்," என்று அது சொன்னால், "கவனிக்காம வேற இன்னாத்துக்கு வந்துகீறேன்," என்று இவள் பதில் சொல்வாள். பக்கத்து மேஜை கிளார்க்குகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மவுஸைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்து இழுத்து, கடைசியில் மேஜை விளிம்பைத் தாண்டிக் கீழே போட்டாள்.

படத்தில் வந்த பிள்ளைகள் எல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகள். தரையில் கம்பளம், ஆளுக்கொரு கூடை பொம்மை, பின்னால் கண்ணாடி ஜன்னல். ஒரு பையன் தரையில் விழுந்து தலையை மோதிக்கொண்டான். இன்னொருத்தன் கைகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு வட்டமாக ஓடினான். கோவிந்தம்மாள் இரண்டு நாள் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து பெர்சிஸிடம் தீர்ப்புச் சொன்னாள்.

"இது குளிர் தேசத்துப் புள்ளைங்களுக்கு வர்ற நோவு பாப்பா. ஊட்டுக்கு ஒண்ணே ஒண்ணு பெத்துக்கினு, தனியா ஒரு ரூம்ல போட்டு வெச்சா பைத்தியம்தான் புடிக்கும். நம்ம கிட்ட இதெல்லாம் இல்ல."

பெர்சிஸும் சிரித்தாள். நாலாவது பாடம் வரைக்கும் அவளுக்கும் அப்படித்தான் இருந்தது.

பெர்சிஸுக்கு அப்போது முப்பத்துநாலு வயது. சர்ச் தெருவில் அப்பா நத்தானியேலோடு இருந்தாள். அவர் மிஷன் ஸ்கூலில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். பிளஸ் டூவில் கணக்கில் தவறி, டீச்சர் டிரெயினிங்குக்கு ஆசைப்பட்டு இடம் கிடைக்காமல், கடைசியில் பிள்ளைகளுக்குக் கால் கழுவி விடுகிற வேலையில் டீச்சர் என்ற பெயர் மட்டும் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. அதனால் அந்தப் பாடத்தை அவள் உண்மையாகவே படித்தாள். கம்ப்யூட்டர் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலை மவுஸால் தொட்டால், மணி அடித்துத் திரையில் ஒரு மஞ்சள் பூ விரியும். அந்த மணிச் சத்தம் கிளார்க்குகள் காதிலும் விழும் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

நாலாவது பாடத்தில் ஒரு சமையலறை வந்தது. தாய் ஒருத்தி முதுகு காட்டிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். சிவப்பு கவுன் போட்ட சின்னப் பெண் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய், அந்தக் கையை ஃபிரிட்ஜ் கதவில் வைக்கிறது. முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்க்கிறது.

"தனக்கு வேண்டியதைக் கேட்காமல், பெரியவர்களின் கையை ஒரு கருவியைப் போலப் பயன்படுத்துவதைக் கவனியுங்கள்," என்றது குரல். பெர்சிஸ் அந்தத் துண்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பிறகு இன்னொரு தரம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத அந்தச் சிவப்பு கவுன் பெண், பிஸ்கட் தாள் பிரிகிற சத்தத்துக்குத் திரும்பியது. பால்வாடிக்குத் திரும்பியபோது பிள்ளைகள் தூக்கம் கலையவில்லை. பிரின்சி மட்டும் விழித்துக்கொண்டு படுத்திருந்தாள், உதட்டில் ஃபோம் துண்டு. பெர்சிஸ் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பிரின்சி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சையில் கடைசிக் கேள்வி இது: ஒரு குழந்தையிடம் இந்த அறிகுறிகளைக் கண்டால் பெற்றோரிடம் எப்போது சொல்வீர்கள்? பதில்கள் மூன்று: பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்து, உடனே. நோயின் பெயர் சொல்ல வேண்டாம், நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கள், சீக்கிரம் தொடங்கினால் பிள்ளைக்குப் பேச்சும் பழக்கமும் வருவது சுலபம் என்று பாடம் முன்பே சொல்லியிருந்தது. பெர்சிஸ் 'உடனே' என்பதைத் தொட்டாள். மணி அடித்தது, பூ விரிந்தது. நூற்றுக்கு நூறு.

நத்தானியேல் அந்த சர்டிபிகேட்டைத் தானே பஜாருக்கு எடுத்துப்போய், அப்துல் சமத் கடையில் கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கி வந்தார். "வீட்டுல மாட்டினா யார் பாக்கப் போறா, வேலை செய்ற எடத்துல மாட்டு," என்றார். ஜெயகரனும் அதையேதான் சொன்னார். பாதிக் கதவுக்கு நேர் எதிரில், பிள்ளையை வாங்க வருகிற ஒவ்வொரு தாயின் கண்ணும் படுகிற இடத்தில், அது தொங்கியது.

அதை மாட்டின அன்று சாயங்காலமே ஜாஸ்மினிடம் சொல்லிவிடுவதாகத்தான் பெர்சிஸ் இருந்தாள். ஆனால் அவளைப் பிடித்து நிறுத்த ஒரு விஷயம் இருந்தது. அந்த வருஷம் பொங்கல் கழிந்து, ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் பையன் மூன்று பிள்ளைகளைக் கடித்துவிட்டான். பெர்சிஸ் அதை ஆபீசில் சொன்னாள். ஜெயகரன் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, கோபமில்லாமல், மரியாதையாகவே சொன்னார்: இந்த மாதிரிப் பிள்ளையை வீட்டிலே வைத்துப் பார்த்துக்கொள், கிரெஷ் ஒத்துவராது. வீட்டில் பார்க்க ஆள் இருந்தால் அவள் ஏன் இங்கே கொண்டு வருகிறாள். மறுநாளிலிருந்து பையனும் வரவில்லை, அவளும் வரவில்லை. அந்தக் கடைசி நாள் கேட்டில் வைத்து அவள் பெர்சிஸைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாமல் போனது அப்படியே நினைவில் இருந்தது.

ஜாஸ்மின் இன்னும் டெம்பரவரியாகத்தான் இருந்தாள். ஜனவரியில் பெர்மனெண்ட் ஆக்குவதாகப் பேச்சு. அதுவரை பொறுக்கலாம் என்று பெர்சிஸ் முடிவு செய்தாள். பெர்மனெண்ட் ஆனவளை அவ்வளவு சுலபமாக வீட்டுக்கு அனுப்ப முடியாது. அது யோசனையில் நல்ல முடிவாகத்தான் தெரிந்தது.

இருந்தாலும் ஒருநாள் மனசு கேட்காமல், பிள்ளையைக் கொடுக்கும்போது, "பிரின்சி யார்கிட்டயும் சேர்றதில்ல ஜாஸ்மின்," என்றாள். பாடம் சொன்னபடி, கண்டதை மட்டும்.

ஜாஸ்மின் முகம் மலர்ந்தது. "பொம்பளப் புள்ளைக்கு அதான் டீச்சர் நல்லது. எங்க வூட்டுக்காரர்கூட அஞ்சு வயசு வரைக்கும் பேசலியாம். இப்ப பேசறத நிறுத்தச் சொன்னா நிறுத்த மாட்டேங்குது." சொல்லிவிட்டு அவள் போகாமல் ஒரு நொடி நின்றாள். எதையோ எதிர்பார்க்கிற மாதிரி பெர்சிஸின் முகத்தையே பார்த்தாள். "வேற ஒண்ணும் இல்லல்ல?"

வெளியே பேரணாம்பட்டு பஸ் ஹாரன் அடித்தது.

"இல்ல. தொந்தரவே இல்ல," என்றாள் பெர்சிஸ்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் பெய்கிற மழை, கல்லை அள்ளிக் கொட்டுகிற மாதிரி இரையும். பிரின்சி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தண்ணீர்ப் பானை வைத்த பலகைக்கு அடியில் போய்ப் பதுங்குவாள். நெஞ்சுக்குள்ளிருந்து ஒரே சுருதியில் ஒரு முனகல் வரும். மழை விட்டு வெகுநேரம் ஆகியும் நிற்காது. அப்படி ஒரு மத்தியானம்தான், பாடம் படித்தவர்கள் எப்படிப் பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள் என்று பார்க்க ஃபீபி வருவதாக ஆபீசிலிருந்து ஆள் வந்து சொன்னது.

கோவிந்தம்மாள் யாரையும் கேட்கவில்லை. பலகைக்கடியில் குனிந்து பிரின்சியை இழுத்துத் தோளில் போட்டாள். கடைசிக் கம்பத்தில் பழைய புடவையில் கட்டியிருந்த ஏணையில் கைக்குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பாயில் மாற்றிவிட்டு, மூன்று வயதை நெருங்குகிற பெண்ணைக் காலை மடக்கி அதற்குள் திணித்து வேகமாக ஆட்டினாள். ஆட்டத்தில் முனகல் குறைந்தது. பெர்சிஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, சிந்தியிருந்த சுண்டலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஃபீபி குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டு வந்தாள். கூடவே ஜெயகரன். ஃபீபி பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கைதட்டினாள், பெயர் கேட்டாள், எல்லாம் மேலே விழுந்து அவள் கண்ணாடியைப் பிடுங்கின. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டே, நீங்கதானே நூத்துக்கு நூறு என்று பெர்சிஸைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"பாடத்துல பாத்த மாதிரி, உங்களுக்குச் சந்தேகம் வர்ற புள்ள யாராவது இருக்காங்களா?"

மழை இரைந்ததால் அவள் அதைக் கொஞ்சம் உரக்கவே கேட்க வேண்டியிருந்தது. ஜெயகரன் சுவரிலிருந்த சர்டிபிகேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். கடைசிக் கம்பத்தில் ஏணை ஆடிக்கொண்டிருந்தது.

"இல்ல மேடம். எல்லாம் நல்லா இருக்குதுங்க."

"எங்க கிரெஷ்ல அந்த மாதிரி கேஸ் எதுவும் கிடையாது மேடம்," என்றார் ஜெயகரன்.

அவர்கள் போன பிறகு கோவிந்தம்மாள் ஏணையை விட்டு வரவில்லை. அங்கிருந்தே பேசினாள். "நல்லதுதான் பண்ண பாப்பா. அவ சம்பளத்துலதான் அந்த வூட்ல உல கொதிக்குது. அந்த அன்பரசன் கையப் பாத்தியா, சுண்ணாம்புல வெந்து கெடக்கு. இது இன்னா பண்ணுது, சோறு துன்னுது, தூங்குது. பேச்சு வர்றப்ப வருது." பிறகு ஏணையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "படிச்சவ நீ. நீ சொல்லு," என்றாள்.

"ஜனவரி வரைக்கும் போகட்டும்கா," என்றாள் பெர்சிஸ்.

ஜனவரியில் ஜாஸ்மின் பெர்மனெண்ட் ஆனாள். பால்வாடிப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆளுக்கொரு லட்டு கொண்டு வந்தாள். பெர்சிஸின் கையில் தனியாக ஒரு பொட்டலம் கொடுத்தாள். இதை முதலில் உங்களுக்குத்தான் தரணும், புள்ளய நீங்க பாத்துக்கறதாலதான் நான் ஒருநாள் லீவு போடாம வேலைக்கு வர முடிஞ்சுது என்றாள். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். காத்திருந்ததே அந்த நாளுக்காகத்தான். ஆனால் சொன்னால் அவள் கேட்கப்போகிற முதல் கேள்வி, எப்பத்துலேர்ந்து தெரியும் என்பதுதானே. ஜூனிலிருந்து என்று எப்படிச் சொல்வது? பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "நல்லா இரு," என்றாள்.

பிறகு ஷிப்மென்ட் அவசரம் வந்தது, ஓவர்டைம் வந்தது, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் வந்தன. ஒவ்வொரு மாதமும் முந்தின மாதத்தைவிடச் சொல்வது கஷ்டமாக ஆனது. பெர்சிஸ் தனக்குத் தெரிந்ததைச் செய்யவும் செய்தாள். பிரின்சியின் எதிரே உட்கார்ந்து டம்ளரைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்து, "தண்ணி" என்று சொல்லிச் சொல்லிக் காட்டினாள். சில நாள் அந்தக் கண்கள் டம்ளரிலிருந்து அவள் வாய்வரைக்கும் வந்து திரும்பும். ஆனால் முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் அப்படி எவ்வளவு நேரம் உட்கார முடியும்? யாராவது ஒருத்தன் வெளிக்குப் போய்விடுவான். சாயங்காலம் சங்கு ஊதிவிடும். ஜாஸ்மின் கேட்பாள், இவள் தொந்தரவே இல்லை என்பாள்.

மே மாதம் பேரணாம்பட்டு கான்வென்டில் எல்கேஜிக்கு இடம் கேட்கப் போனார்கள். அன்பரசன் கைத்துணியை அவிழ்த்துவிட்டு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். சிஸ்டர் பெயர் கேட்டார், பந்து எது, பூ எது என்று கேட்டார். பிரின்சி ஜாஸ்மினின் மணிக்கட்டைப் பிடித்து, மேஜையிலிருந்த பித்தளை மணியின் மேல் அந்தக் கையை வைத்தாள். எடுத்தால் திரும்ப வைத்தாள். சிஸ்டர் மணியை நகர்த்தியதும் வீறிட்டுத் தரையில் விழுந்தாள். வேலூருக்குக் கூட்டிப் போங்க, தள்ளிப் போடாதீங்க என்று சிஸ்டர் சொன்னார்.

இதையெல்லாம் பெர்சிஸுக்குச் சொன்னது ஜாஸ்மின் இல்லை. அவளோடு ஒரே லைனில் தைக்கிற நசீமுன்னிசா. அடுத்த வாரம் சாப்பாட்டு நேரத்தில், தன் மகனைப் பார்க்கிற சாக்கில் பாதிக் கதவருகே வந்து நின்றாள். கை விரலில் தோல் ஒட்டுகிற சொல்யூஷன் காய்ந்து படிந்திருந்தது. அதை உரித்துக்கொண்டே பேசினாள்.

வேலூர் மையத்தில் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தார்களாம். பேர் ஏதோ சொன்னார்களாம். வாரத்தில் மூன்று நாள் வரணும், கூடவே தாயும் உட்கார்ந்து பழகிக்கணும், ரெண்டு வயசுலயே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும் என்றார்களாம். அதனால் ஜாஸ்மின் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமையோடு சரி.

"பெர்மனெண்ட்டு ஆகி அஞ்சு மாசம் ஆவல," என்றாள் நசீமுன்னிசா. பிறகு விரலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "நான் போன ரம்ஜான் முன்னாடியே சொன்னேன் டீச்சர் அவகிட்ட. எங்க அக்கா பையன் பெங்களூர்ல இதே மாதிரி. கூப்ட்டா திரும்ப மாட்டான். ஒரு தடவ காட்டிடும்மா, தப்பு இல்லன்னேன். அவ இன்னா சொன்னா தெரியுமா? அதோ அதைக் காட்டுனா." சுவரிலிருந்த சர்டிபிகேட்டை நோக்கி முகவாயை நீட்டினாள். "'எங்க டீச்சர் இதுக்குன்னே கம்ப்யூட்டர்ல படிச்சு நூத்துக்கு நூறு வாங்கினவங்க. தெனம் கேக்கறேன். ஏதாச்சும் இருந்தா எனக்குச் சொல்ல மாட்டாங்களா'ன்னா. நான் அப்புறம் வாய மூடிக்கினேன்."

பெர்சிஸ் கீழ்க்கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அங்க ஒரு மேடம் இருந்தாங்களாம், இங்க வந்தவங்க. எந்தக் கம்பெனின்னு கேட்டுட்டு, உங்க பேரச் சொல்லி, அவங்க இருக்கறப்ப எப்படி விட்டாங்கன்னு கேட்டாங்களாம். ஜாஸ்மின் தெரியலன்னுட்டு வந்துட்டா." நசீமுன்னிசா மகனின் தலையைத் தடவிவிட்டு நிமிர்ந்தாள். "நான் உங்கள ஒண்ணும் சொல்லல டீச்சர். வர்றேன்."

சனிக்கிழமை மத்தியானம் கோவிந்தம்மாள் பருப்புச் சோற்றைக் குழையப் பிசைந்து, நெய் வாசனைக்காக கேன்டீன்காரனிடம் சண்டை போட்டு ஒரு கரண்டி வாங்கி வந்து, பிரின்சிக்குத் தனியாக ஊட்டினாள். ஊட்டி முடிந்ததும் பிரின்சி அவள் கையைப் பிடித்துப் பானைக்கு இழுத்துப் போனாள். இந்தத் தரம் கோவிந்தம்மாள் யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு, முந்தானையால் அவள் வாயைத் துடைத்தாள். பிறகு தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள்.

சங்கு ஊதியது. ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஜாஸ்மின் வரிசையில் கடைசிக்கு இரண்டு பேர் முன்னால் நின்றாள். ஐடி கார்டை ஆபீசில் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கழுத்தில் வெறும் ஜெபமாலை. பெர்சிஸ் பிரின்சியைத் தூக்கிக் கொடுத்தாள். கனம் கூடியிருந்தது. ஜாஸ்மின் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லா நாளும் கேட்கிற மாதிரியே, குரலில் எந்த வித்தியாசமும் இல்லாமல் கேட்டாள்.

"இன்னிக்கு இன்னா பண்ணா டீச்சர்?"

பெர்சிஸ் பாதிக் கதவின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

"காலைல நீ விட்டுட்டுப் போனப்ப திரும்பிப் பாக்கல. ஃபேன் போட்டதும் சிரிச்சா. அதுக்கு அடியிலயே உக்காந்துகினா. நாலு தரம் பேர் சொல்லிக் கூப்ட்டேன், வரல. பிஸ்கட் பாக்கெட்ட பிரிச்சேன், அந்த மூலையிலேர்ந்து எழுந்து வந்தா. கூடைல பச்சை ஃபோம் இருந்தா வேற கலரு தொட மாட்டா. இல்லன்னா வெள்ளை. தண்ணி வேணும்னா அக்கா கையப் புடிச்சிப் பானை மேல வெப்பா. என் கையப் புடிக்க மாட்டா, வளையல் சத்தம் புடிக்காது, அதுக்குத்தான் நான் வளையல கழட்டுனேன். அப்புறம் ஒரு நாலு நாள் புடிச்சா. மழை பேஞ்சா காத மூடிக்குவா. முனகுவா, ஏணைல போட்டு வேகமா ஆட்டுனா அடங்கும். புள்ளைங்க பாட்டு பாடுனா பாட மாட்டா, ஆனா பாட்டு முடியறப்ப எல்லாருக்கும் முன்னாடி கை தட்டுவா. சரியா அந்த எடத்துல. தண்ணின்னு சொல்லிக் காட்டுனா என் வாயப் பாப்பா. பங்குனி மாசத்துல ஒரு நாள், 'த'ன்னு ஒரு சத்தம் வந்துது. எனக்கு அப்படித்தான் கேட்டுது. மறுநாள் வரல."

ஹாரன் இரண்டு தரம் அடித்து ஓய்ந்தது. ஜாஸ்மின் நகரவில்லை. எல்லாவற்றையும் கடைசிவரைக்கும் கேட்டாள், நடுவில் பிள்ளையின் தலையில் ஒட்டியிருந்த பருக்கையை எடுத்துப் போட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் பெர்சிஸுக்கு எதையாவது சொல்ல வந்திருக்கும்.

"இவ்ளோ பாத்திருக்கீங்களே டீச்சர்," என்றாள் ஜாஸ்மின்.

அவ்வளவுதான். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, நடந்தே போனாள். அன்றைக்கு அவள் ஓடவில்லை. பேரணாம்பட்டு பஸ் அவளுக்காக நின்றதா, அவளை விட்டுவிட்டுப் போனதா என்று பெர்சிஸால் பாதிக் கதவுக்குள்ளிருந்து பார்க்க முடியவில்லை.

அடுத்து நின்றவள் மாதனூர்க்காரி. புதிதாகச் சேர்ந்தவள், பையனுக்கு ஒன்றரை வயது. கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டே, ஒரு காலை ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டாள், இன்னிக்கு இன்னா பண்ணான் என்று.

"கொஞ்சம் நில்லு, சொல்றேன்," என்றாள் பெர்சிஸ்.

"தொந்தரவு ஒண்ணும் இல்லல்ல டீச்சர்? அது போதும். பஸ் போய்டும்," என்று அவள் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தாள்.